வீராணத்தின் கரையில் ஒரு வெற்றிலை ஊர்

அன்று வெள்ளிக்கிழமை. விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்றிருந்த எனக்கு, ஜும்ஆவுக்கு முன் பயான் செய்யும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. லால்பேட்டையை அடுத்த சிற்றூர் எங்களுடையது. சுற்றிலும் வயலும் வாய்க்காலும் கொடிக்காலும் நிறைந்த பூமி. ஆகவே பயிர் செய்வதன் சிறப்பையே பேசுபொருளாக எடுத்துக் கொண்டேன். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த நற்செய்தியை விரிவாக எடுத்துரைத்தேன். கையில் ஒரு கன்று இருக்கும் நிலையில் மறுமை நாளே வந்துவிட்டாலும், முடியுமானால் அதை நட்டுவிட வேண்டும் என்ற போதனையையும் நினைவூட்டினேன். சபையினர் ஆர்வத்துடன் கேட்டனர்.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, என் தந்தையாரின் தோழர் ஒருவர் என் கையைப் பற்றிக் கொண்டார். எண்பதை நெருங்கும் வயது. விரல் நுனிகளில் வெற்றிலைக் கறை இன்னும் போகவில்லை.

"பயான் ரொம்ப நல்லா இருந்துச்சு ஹஜ்ரத். ஒரே ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேளுங்க மாமா."

"உங்க அத்தாவோட ரெண்டு மா கொடிக்காலை இப்ப யாரு பார்க்கிறாங்க?"

நான் மறுமொழி கூறவில்லை. அவர் விடை அறியாமல் கேட்கவுமில்லை. அந்த இரண்டு மா நிலத்தில் எட்டு ஆண்டுகளாகச் சீமைக் கருவேல மரங்களே நிற்கின்றன. இதை அவரும் அறிவார், ஊரும் அறியும்.

அந்தக் கேள்வியுடனேயே அன்று மாலை ஏரிக்கரைக்கு நடந்தேன். இக்கட்டுரை அந்த நடையில் பிறந்தது.

ஏரி ஈன்ற பூமி

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், வீராணம் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி அமைந்த பேரூர் லால்பேட்டை. 1993ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் பேருந்தில் ஏறினால், இருபுறமும் நெல்வயல்களைக் கண்டவாறே இவ்வூரை அடையலாம். கொள்ளுமேடு, எள்ளேரி, மானியம் ஆடூர், ஆயங்குடி என்று முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் பல சுற்றிலும் உள்ளன. அவற்றுக்கெல்லாம் சந்தையும் சங்கமமும் லால்பேட்டைதான்.

ஊரின் வரலாற்றை அறிய வேண்டுமானால் முதலில் ஏரியின் வரலாற்றை அறிய வேண்டும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் கி.பி. 907 முதல் 955 வரை ஆண்டவன். வீரநாராயணன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. அப்பெயரால் அமைந்த வீரநாராயணன் ஏரியே மக்கள் வழக்கில் வீராணம் ஆயிற்று. பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன், வடதிசைப் போருக்காகப் பெரும்படையுடன் இப்பகுதியில் தங்கியிருந்த காலத்தில், போரின்றிக் காத்திருந்த வீரர்களின் கைகளைக் கொண்டு இந்த ஏரியை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவன் 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் மாண்டான். அவன் வென்ற நிலமும் இழந்த நிலமும் வரலாற்று ஏடுகளில் மட்டுமே உள்ளன. வெட்டிய ஏரியோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் சோறு போடுகிறது. கல்லூரியில் வரலாறு பயின்ற காலத்தில் மன்னர்களின் போர்களை ஆண்டு வாரியாக மனனம் செய்தேன். ஏரிகளைப் பற்றி எவரும் ஒரு வினாக்கூடக் கேட்டதில்லை.

அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலின் பழம்பெயரும் வீரநாராயணபுரமே. வைணவ ஆசாரியர் நாதமுனிகள் தோன்றிய ஊர் அது. கல்கி அவர்கள் தம் பொன்னியின் செல்வன் புதினத்தை இந்த ஏரிக்கரையில்தான், ஓர் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறார். தமிழ் படித்தவர்கள் அனைவரும் மனத்தளவில் ஒருமுறையேனும் எங்கள் ஏரிக்கரையில் நடந்தவர்களே.

ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கு வடக்காகக் கிடக்கும் இந்த ஏரிக்கு நீர் தருவது காவிரியின் கிளையான கொள்ளிடம். 1830களில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். அங்கிருந்து வடவாறு வழியாக நீர் வந்து ஏரியை நிரப்புகிறது. ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 47.5 அடி. 30க்கும் மேற்பட்ட மதகுகளின் வழியே பிரிந்து செல்லும் நீர், ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்தை நனைக்கிறது. சம்பா இங்குத் தலையாய பயிர். எங்கோ குடகில் மழை பெய்து, மேட்டூர் நிரம்பி, கல்லணையைக் கடந்து, கீழணையில் தேங்கி, வடவாற்றில் ஓடி எங்கள் வீட்டு வாய்க்காலுக்கு வந்து சேரும் நீர் அது. அது வந்து சேரும் நாளில் சிறுவர்கள் ஓடிச் சென்று கால் நனைப்பார்கள். பெரியவர்கள் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று கூறி மண்வெட்டியை எடுப்பார்கள்.

பெயர் தந்த லால்கான்

லால்பேட்டை என்ற பெயர் ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சிக் காலத்தை நினைவூட்டுகிறது. நவாபின் அதிகாரியாக விளங்கிய லால்கான் என்பவரின் பெயரால் இவ்வூர் அமைந்தது என்று முன்னோர் கூறி வந்துள்ளனர். 'பேட்டை' என்பது வணிகம் நடக்கும் குடியிருப்பைக் குறிக்கும் சொல். சிதம்பரத்திலும் லால்கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் ஒன்று உண்டு.

ஒன்றை இங்கு நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். சோழன் வெட்டிய ஏரி. நவாபின் அதிகாரி பெயரால் ஊர். ஆங்கிலேயன் கட்டிய அணை. மூன்று அரசுகளும் மறைந்து போயின. அவர்கள் விட்டுச் சென்ற நீரையும் நிலத்தையும் காத்து வருபவர்கள், பெயர் எழுதப்படாத உழவர்களே. ஊரின் உண்மையான வரலாறு அவர்களுடைய வரலாறுதான்.

ஒளிகளின் ஊற்று

லால்பேட்டையின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது, 1862ஆம் ஆண்டில் தோன்றிய ஜாமிஆ மன்பஉல் அன்வார் அரபுக் கல்லூரியாகும். 'மன்பஉ' என்றால் ஊற்று. 'அன்வார்' என்றால் ஒளிகள். 'ஒளிகளின் ஊற்று' என்பது பொருள். ஏரிக்கரை ஊரில் எழுந்த கல்விக்கூடத்துக்கு நீரையே உவமையாக்கிப் பெயர் வைத்த அந்தப் பெரியோர்களின் உள்ளத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. இங்கு ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் தம் பெயருடன் 'மன்பஈ' என்று சேர்த்துக் கொள்வர். தமிழகத்தின் பள்ளிவாசல்கள் பலவற்றில் இமாமாகவும் மதரஸாக்களில் உஸ்தாதாகவும் அவர்கள் பணியாற்றுகின்றனர். இங்கு நெடுங்காலம் பணியாற்றிய அமானி ஹஜ்ரத் அவர்களின் பெயரை உலமாக்கள் இன்றும் மரியாதையோடு கூறுவர்.

அந்நாளில் மதரஸாக்களை வாழவைத்தவை யாவை? நெல்லும் அரிசியுமே. எங்கள் பகுதியில் அறுவடை முடிந்ததும் களத்திலேயே மதரஸாவுக்கென்று நெல்லை ஒதுக்கி வைப்பதைச் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். என் தாயார் உலை வைக்கும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடுவார். அதற்குப் 'பிடியரிசி' என்று பெயர். மாதம் ஒருமுறை அது மதரஸாவுக்குப் போகும். பணக்கார வீட்டுப் பிடியும் ஏழை வீட்டுப் பிடியும் ஒரே அளவாக இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. உண்ட மாணவனுக்கும் அது யார் வீட்டு அரிசி என்று தெரியாது.

கழனிக்கும் கல்விக்கும் இருந்த உறவு அத்துடன் நிற்கவில்லை. விளைச்சலின் ஜகாத்தாகிய உஷ்ர் பற்றிய பாடம் வரும்போது வகுப்பறை களைகட்டும். மழையாலும் ஊற்றாலும் செலவின்றி விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் கூடும்போது கடமை பாதியாகக் குறைவதில்தான் எத்தனை நுட்பமான நீதி! வெற்றிலைக்கு உஷ்ர் உண்டா என்ற வினாவும் தவறாமல் எழும். நிலம் தரும் காய்கறி கீரைகளுக்கும் உண்டு என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. சேமித்து வைத்து உண்ணத்தக்க உணவுப் பொருள்களுக்கே உண்டு என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலை. வேறு ஊர் மாணவர்களுக்கு அது ஏட்டுக் கேள்வி. எங்களுக்கோ அது வீட்டுக் கேள்வி. ஏனென்றால் எங்களில் பலருடைய வீட்டு அடுப்பு கொடிக்காலால் எரிந்தது.

கொடிக்கால் என்னும் கலை

வெற்றிலையை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அது எப்படி விளைகிறது என்று அறிந்தவர் எத்தனை பேர்? இளைய தலைமுறைக்காகச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. அதற்கு ஒரு துணை வேண்டும். ஆகவே நிலத்தைக் கொத்தி, வாய்க்கால்கள் வெட்டி, அந்த மண்ணை அணைத்து மேடான பாத்திகள் அமைத்து, முதலில் அகத்தி விதைக்க வேண்டும். அகத்தி முளைத்துச் சுமார் 45 நாள் ஆன பின்னர், முதிர்ந்த கொடியிலிருந்து நறுக்கிய விதைக்கொடிகளை அதன் அடியில் பதியமிட வேண்டும். அகத்தி விரைந்து வளரும், இலை மெல்லியது. கடும் வெயிலைத் தடுக்கும், முழுவதும் மறைக்காது. அதன் வேர் மண்ணுக்கு உரமாகும். அதன் தழை ஆட்டுக்கு உணவாகும். கொடி ஏற ஏற, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வாழைநாராலோ கோரையாலோ அகத்தியுடன் மென்மையாக இணைத்துக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் தண்டு நசுங்கும். தளர்த்திக் கட்டினால் காற்றில் சரியும். குழந்தையைத் தூளியில் இடும் பக்குவம் அந்தக் கைக்கு வேண்டும்.

கொடி உயர்ந்து எட்டாத நிலைக்குப் போனதும், அதை அவிழ்த்து இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மீண்டும் ஏற்றுவார்கள். முதுமை அடைந்த கொடி அதனால் மீண்டும் இளமை பெறும். பறித்த இலைகளை 100 எண்ணி அடுக்கினால் ஒரு கவுளி. கவுளிகளை வாழை இலையில் பொதிந்து கட்டாக்கிச் சந்தைக்கு அனுப்புவர். எண்ணும் வேலையில் வீட்டின் பெண்களும் முதியவர்களும் பங்கு கொள்வர். என் பாட்டியார் விரல்கள் எண்ணிக் கொண்டிருக்கும். நாவு திக்ரில் ஈடுபட்டிருக்கும். இரண்டிலும் எண் தவறாது.

இந்தப் பயிரின் இயல்பு விந்தையானது. நாள்தோறும் ஈரம் வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வாடல் நோய் வந்து, பச்சைப் பசேலென்று நின்ற கொடிக்கால் சில நாள்களில் கருகிச் சாயும். 'தண்ணி வரணும், நிக்கக் கூடாது, போயிடணும்' என்பது என் தந்தையாரின் ஓயாத எச்சரிக்கை. செல்வத்தைப் பற்றிய இஸ்லாத்தின் போதனையும் இதுதான் என்பதைப் பின்னாளில் ஓதியபோது உணர்ந்தேன். செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றி வரக் கூடாது என்று திருக்குர்ஆன் எச்சரிக்கிறதல்லவா? தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வது போல், தேங்கும் செல்வம் சமுதாயத்தை அழுகச் செய்கிறது.

வெற்றிலை சேர்த்து வைத்த உறவு

எங்கள் கொடிக்காலில் பறித்த வெற்றிலை எங்கெல்லாம் சென்றது? நிக்காஹ் வீட்டுக்கும் சென்றது. கோயில் திருவிழாவுக்கும் சென்றது. முஸ்லிம் வீட்டில் பெண் பேசி முடித்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக் கொள்வர். இந்துச் சகோதரர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு வரும்போது, தாம்பாளத்தில் இருக்கும் வெற்றிலை பெரும்பாலும் எங்கள் தோட்டத்து வெற்றிலைதான். கொடி கட்டவும் வாய்க்கால் சேறு வாரவும் வருபவர்களில் பலர் அண்டை ஊர்களின் இந்துத் தொழிலாளர்கள். அவர்கள் இல்லாமல் கொடிக்கால் இல்லை. கொடிக்கால் இல்லாமல் அவர்கள் வீட்டில் கூலி இல்லை. நோன்பு மாதத்தில் மாலை வேலை முடிந்து போகும்போது, நோன்புக் கஞ்சியை அவர்களுடைய தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்புவது என் தாயாரின் வழக்கம். பொங்கல் நாளில் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும்.

மத நல்லிணக்கம் என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறோம். அன்று அதற்குப் பெயரே இல்லை. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்களுக்கு அது இயல்பான வாழ்க்கையாக இருந்தது. திருவாரூரில் முஸ்லிம்கள் வாழும் ஒரு பகுதிக்குக் கொடிக்கால்பாளையம் என்றே பெயர் இருப்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். தமிழ் முஸ்லிம்களுக்கும் இந்தப் பச்சைக் கொடிக்கும் உள்ள உறவு, ஒரு ஊரோடு முடிந்துவிடும் உறவன்று.

தலைமடையும் கடைமடையும்

நீர் உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. மதகுக்கு அருகில் உள்ள நிலம் தலைமடை. வாய்க்காலின் கோடியில் உள்ள நிலம் கடைமடை. தலைமடைக்காரர் மனம் வைத்தால்தான் கடைமடைக்காரர் வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். கோடையில் நீர் வற்றிய காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்கால் தூர்வாருவது குடிமராமத்து. அதில் ஜாதியும் மதமும் பார்ப்பதில்லை. கடைமடைவரை கால்வாய் சுத்தமாக இருக்கிறதா என்றே பார்ப்பார்கள்.

மதீனாவில் பேரீச்சந் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சுவதில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் தகராறு ஏற்பட்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வழக்கு வந்த நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. தலைமடையில் இருந்தவர் ஸுபைர் (ரலி). உம் நிலத்துக்குப் பாய்ச்சிய பின் அண்டை வீட்டாருக்கு நீரை விட்டுவிடும் என்பதே நாயகத்தின் தீர்ப்பின் சாரம். இந்த ஹதீஸை நான் ஓதிய நாளில் எனக்குப் பெரிய விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வாய்க்கால் கண்முன்னே நின்றது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்ற நபிமொழியும் அவ்வாறே.

இன்று வீராணத்தின் கடைமடை காட்டுமன்னார்கோயிலிலோ சிதம்பரத்திலோ இல்லை. அது சென்னையில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது முதல், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தலைநகருக்கு இந்த ஏரியின் நீர் குழாய்களில் செல்கிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் வழங்குவதற்காக அத்திட்டம் வகுக்கப்பட்டது. இதே நோக்கத்துக்காக முன்னொரு காலத்தில் தருவிக்கப்பட்ட மிகப்பெரிய குழாய்கள் பல்லாண்டுகள் சாலையோரத்தில் கிடந்ததை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். தாகத்துக்கு நீர் தருவதை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. குடிநீர் தருவது மிகச் சிறந்த தர்மம். ஆனால் குடிப்பவர்கள் ஊற்றை நினைக்க வேண்டும். ஏரியில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்தால், பாதிப்பு இரு சாராருக்கும்தான். சென்னையில் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும், அந்த நீரில் ஓர் உழவனின் பங்கும் கலந்திருக்கிறது என்பதை உணர்ந்தால் போதும். வீணாக்க மனம் வராது.

நீர் குறைந்தால் துன்பம், மிகுந்தாலும் துன்பம். பெருமழைக் காலத்தில் ஏரியின் பாதுகாப்பைக் கருதி உபரி நீரைத் திறந்தாக வேண்டும். லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடை வழியாக அது பாயும்போது தாழ்வான ஊர்களும் வயல்களும் மூழ்கும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தையும், 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போது கொட்டிய மழையையும் இப்பகுதி மக்கள் மறக்க இயலாது. நெல் சில நாள் தாங்கும். வெற்றிலை தாங்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் சாய்ந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. எங்கள் பக்கத்தில் சாய்ந்த அகத்திகளைப் பற்றி எழுதியவர் சிலரே. இத்தகைய வேளைகளில் பள்ளிவாசல்களில் உலை ஏறும். வந்தவர் யார் என்று கேளாமல் சோறு பரிமாறப்படும். ஆனால் அழிந்த கொடிக்காலை மீண்டும் எழுப்புவதற்கு ஓர் ஆண்டு உழைப்பும் கைமுதலும் வேண்டும். அந்த முதலை இழந்தவர்களே கப்பலும் விமானமும் ஏறினர்.

கடல் கடந்த பிள்ளைகள்

சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பாட்டனார்கள் சென்றார்கள். 1970களுக்குப் பின்னர் தந்தையரும் பிள்ளைகளும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றார்கள். அதனால் ஊருக்கு விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. பள்ளிவாசல்கள் விரிவடைந்தன. பெண்மக்கள் பட்டப் படிப்பு வரை பயின்றனர். நோயாளிகளின் மருத்துவச் செலவுக்கும் ஏழைப் பெண்களின் நிக்காஹுக்கும் வெளிநாட்டிலிருந்து உதவிகள் வந்தன, வருகின்றன. பாலைவன வெயிலில் அவர்கள் சிந்திய வியர்வையை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக!

ஆனால் அந்தப் பணம் நிலத்துக்குத் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்தது, நகைக்கு வந்தது, விருந்துக்கு வந்தது. நிலம் மட்டும் காத்துக் கிடந்தது. பார்க்க ஆளின்றிக் கொடிக்கால் தரிசாயிற்று; தரிசு மனைப்பிரிவாயிற்று. கல் நட்ட பிறகு மண்ணுக்கு மறுபிறவி இல்லை. கொடி கட்டத் தெரிந்த கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குள் போகின்றன. இலையைத் தொட்டே அதன் வயதைச் சொல்லும் அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஒரு ஹாபிழின் நெஞ்சில் திருமறை இருப்பது போல் அந்த அறிவு அந்த முதியவர்களின் விரல்களில் இருக்கிறது. ஓதிக் கொடுக்க ஆளிருந்தும், ஓதிக் கொள்ள ஆளில்லை.

ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமைக்கு 'பர்ளு கிஃபாயா' என்று பெயர். ஜனாஸாத் தொழுகையை அதற்கு உதாரணமாகக் கூறுவோம். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாத தொழில்களையும் பர்ளு கிஃபாயாவில் சேர்த்து, அவற்றுள் பயிர்த்தொழிலையும் குறிப்பிடுகிறார்கள். ஜனாஸாவுக்கு ஆள் இல்லாமல் போனால் ஊர் பதறும். வயலுக்கு ஆள் இல்லாமல் போவதைப் பற்றி எந்த ஜமாஅத் கூட்டத்தில் நாம் பேசியிருக்கிறோம்?

இந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதையே அந்தப் பெரியவர் அன்று பள்ளிவாசல் வாசலில் எனக்கு உணர்த்தினார். நான் கடல் கடந்து போகவில்லை. வெளியூர் மதரஸாவில் ஓதிக் கொடுக்கப் போனேன். காரணம் உயர்ந்ததாக இருக்கலாம். கருவேலம் காரணம் கேட்டு வளர்வதில்லை.

என் விடை

மறுநாள் காலை சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அவர் வீட்டுக்குச் சென்றேன்.

"மாமா, நேற்று நீங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ரெண்டு மாவையும் என்னால பார்க்க முடியாது. அரை மாவுல தொடங்கினா, கொடி கட்டக் கத்துக் கொடுப்பீங்களா?"

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். "முதல்ல கருவேலத்தை வேரோட எடுங்க ஹஜ்ரத். அகத்தி விதை நான் தர்றேன்" என்றார்.

விடுமுறையில் மீதமிருந்த நாள்கள் கருவேலம் அகற்றுவதில் கழிந்தன. நிலத்தை இப்போது என் தம்பி மகனும், முன்பு எங்களிடம் வேலை செய்த ஒரு தொழிலாளியின் மகனும் பங்குக்குப் பார்க்கிறார்கள். இலாபம் வருமா? தெரியாது. விலை இறங்கலாம், வெள்ளம் வரலாம். விதைப்பது மட்டுமே நம் வேலை; முளைக்கச் செய்பவன் அவனே என்று திருமறை நமக்குக் கற்பிக்கிறது. சென்ற முறை ஊர் சென்றபோது அகத்தி இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதன் அடியில் இட்ட பதியங்களில் இரண்டொன்று வாடியிருந்தன, மற்றவை தளிர்விட்டிருந்தன. அந்தப் பெரியவர் வரப்பில் அமர்ந்து, பையன்கள் இருவருக்கும் கோரையை எப்படி முறுக்குவது என்று கற்றுக் கொடுத்துக் கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தபோது அதுவும் ஒரு மதரஸாவாகவே எனக்குத் தோன்றியது.

வெளிநாடுகளில் வாழும் எம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு நீங்கள் அனுப்பும் உதவியில் ஒரு பகுதியை நிலத்துக்கு ஒதுக்குங்கள். தரிசாகக் கிடக்கும் நிலத்தை விற்பதற்கு முன், அதை உழத் தயாராக உள்ள ஏழை ஒருவரை, அவர் எந்தச் சமயத்தவராயினும், தேடிப் பாருங்கள். ஜமாஅத் பெரியோர்களே! வாய்க்கால் தூர்வாருவதையும் கூட்ட நிகழ்ச்சிக் குறிப்பில் சேருங்கள். என் போன்ற உஸ்தாதுகளே! உஷ்ருடைய பாடத்தை நடத்தும் நாளில் மாணவர்களை ஒருமுறை வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தலைமடையில் இருப்பவர் நீரை விட்டுக் கொடுத்தால்தான் கடைமடை வாழும். நாம் நம் முன்னோருக்குக் கடைமடை. வரும் தலைமுறைக்குத் தலைமடை. அவர்கள் நமக்காக விட்ட நீர் நம்மிடமே நின்றுவிடாமல் ஓடட்டும். வல்ல அல்லாஹ் நம் ஏரிகளை நிறைத்து, நம் கைகளுக்கு உழைப்பையும் நம் உள்ளங்களுக்கு ஈகையையும் தந்தருள்வானாக! ஆமீன்.